141 தேவைகளும் ஒரு சுவரும்

ஐந்து தளம் கொண்ட ஓர் அலுவலகக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் மூன்றரை மீட்டர். பிளின்த் எனப்படும் அடிமேடை 45 சென்டிமீட்டர். மொத்த உயரம் 17.95 மீட்டர். கட்டடக் கலைஞர் வரைந்து முடித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. அடுத்து கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போடுகிறார். தூண்களுக்கு இடையே தூரம் அதிகம், பீம் 60 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும் என்கிறார். ஏசி வடிவமைப்பவர் பீமுக்கு அடியில் 40 சென்டிமீட்டர் டக்ட், அதாவது காற்றுக்குழாய், கேட்கிறார். மின்கம்பித் தட்டு, தீயணைப்புக் குழாய், விளக்கு ஆகியவற்றைப் பார்ப்பவர் இன்னொரு 20 கேட்கிறார். தரை ஓட்டின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமலே மிஞ்சுவது 2.30 மீட்டர். கட்டடக் கலைஞர் மனத்தில் வைத்திருந்தது 2.60.

இந்த 30 சென்டிமீட்டரை எங்கிருந்து எடுப்பது? பீமில் துளை போட்டு டக்டை நுழைக்கலாம் என்றால், தூணை ஒட்டிய பகுதியில் வெட்டுவிசை அதிகம், அங்கே கை வைக்காதீர்கள் என்பார் பொறியாளர். டக்டைச் சுருக்கினால் காற்றின் வேகம் கூடும், இரைச்சல் கூடும், விசிறி தின்னும் மின்சாரம் கூடும். தளத்தின் உயரத்தையே 30 சென்டிமீட்டர் கூட்டிவிடலாம் என்றால், மாடிப்படியில் தளத்துக்கு இரண்டு படி கூடி, படிக்கட்டுக்கான இடம் நீண்டு, பக்கத்து அறையைத் தின்னும். அதோடு ஐந்து தளத்துக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் ஏறிக் கட்டடம் 19.45 மீட்டராகிவிடும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். சாலை அகலம், கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம், தீயணைப்பு ஏற்பாடு, அனுமதிக்கான நடைமுறை என்று எல்லாக் கணக்கும் அதன்பின் வேறு.

இந்தச் சிக்கல் பெரும்பாலும் எப்போது தெரியவருகிறது? சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு முடித்து, ஏசி ஆட்கள் ஏணியோடு வந்து நிற்கும்போது. நான்கு பேருக்கும் அவரவர் வேலை தெரியும். நால்வரின் அறிவும் நான்கு கோப்புகளில் தனித்தனியாக இருந்ததுதான் வினை. ஒன்றின் முடிவு மற்றொன்றைத் தொடும் இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கூட்டாக இயங்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்களைப் பற்றி இன்று சொல்லப்படுவனவற்றில் மிக நியாயமான பகுதி இந்த இடத்தைப் பற்றியது. முகவர் என்பதில் மர்மம் ஏதுமில்லை. ஒரு மொழி மாதிரியை எடுத்து, அதற்கு ஒரு பொறுப்பைத் தருகிறார்கள்: நீ தீயணைப்பு விதிகளைப் பார், நீ கட்டமைப்பைப் பார் என்று. அந்தப் பொறுப்புக்கு வேண்டிய கருவிகளையும் தருகிறார்கள்: விதிநூலில் தேட, வரைபடக் கோப்பைத் திறந்து அளக்க, கணக்கு மென்பொருளை ஓட்ட. இதுவரை என்ன முடிவானது என்ற நினைவு இருக்கிறது. தன் முடிவை மற்ற முகவர்களுக்கு அனுப்பி, மறுப்பு வந்தால் மறுபடி யோசிக்கும் சுழற்சி இருக்கிறது. நாலைந்து முகவர்களை இப்படி ஒரே கோப்பின்மேல் உட்காரவைத்தால், அந்த 30 சென்டிமீட்டர் கான்கிரீட் போடுவதற்கு முன்பே, பென்சில் கோடாக இருக்கும்போதே வெளியே வந்துவிடும்.

எண்ணம் புதிதல்ல. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபென்வெஸ், உல்ரிச் ஃபிளெமிங் முதலியோர் உயரமான அலுவலகக் கட்டடங்களுக்காக ஒருங்கிணைந்த வடிவமைப்பு அமைப்பொன்றை உருவாக்கினார்கள். அதில் ஏழு நிரல்கள். ஒன்று கட்டடத்தின் பொது வடிவத்தைத் தீர்மானிக்கும். ஒன்று லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை அடங்கிய நடுக்கூட்டை அமைக்கும். ஒன்று அடித்தளத்தைப் பார்க்கும். இன்னொன்று கட்டுமான வரிசையைத் திட்டமிடும். எல்லாம் பொதுவான ஒரு கரும்பலகையில் எழுதி, மற்றவை எழுதியதைப் படித்து வேலை செய்தன. பேச்சை அடையாளம் காணும் ஹியர்சே என்ற திட்டத்துக்காக 1970-களில் அதே பல்கலைக்கழகத்தில் பிறந்த உத்தி அது. குறை என்னவென்றால், ஒவ்வொரு நிபுணரின் அறிவையும் விதிவிதியாக எழுதி ஊட்ட வேண்டியிருந்தது. எழுதாத ஒன்று எதிர்ப்பட்டால் நிரல் ஊமையாகிவிடும். மொழி மாதிரிகள் வந்தபின் அந்த ஊமைத்தனம் போய்விட்டது. எழுதாததைப் பற்றியும் அவை பேசும். அதுவே இப்போது வேறு கவலையைக் கொண்டுவந்திருக்கிறது.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட டெக்ஸ்ட்டுபிம் என்ற பணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாதாரண மொழியில் ஒரு கட்டடத்தை விவரித்தால், அதை முப்பரிமாணக் கட்டட மாதிரியாக்கித் தரும் முயற்சி. நான்கு முகவர்கள். முதலாமவர் நாம் சொன்ன அரைகுறை வாக்கியத்தை முழு விவரக்குறிப்பாக விரிக்கிறார். இரண்டாமவர் கட்டடக் கலைஞராகத் திட்டம் தருகிறார். மூன்றாமவர் நிரலாளர், சுவரையும் கதவையும் தாமே வரையாமல், வரையும் மென்பொருளுக்கான கட்டளைகளை எழுதுகிறார். நான்காமவர் பரிசோதகர். இந்தப் பரிசோதகர் தம் சொந்த அபிப்பிராயத்தின்மேல் தீர்ப்புச் சொல்வதில்லை. கட்டடத் துறையில் ஏற்கெனவே புழங்கிவரும், விதிகளை வைத்து அளந்து பார்க்கும் சோதனை மென்பொருள் ஒன்று மாதிரியை ஆராய்ந்து, இந்தச் சுவரும் அந்தத் தளமும் ஒன்றோடொன்று இடிக்கின்றன என்று அறிக்கை தருகிறது. அந்த அறிக்கையைப் படித்துத் திருத்தம் சொல்வதுதான் பரிசோதகரின் வேலை.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது அந்தப் பழைய மென்பொருள்தான். முகவர்கள் நான்கும் ஒரே மொழி மாதிரியிலிருந்து பிறந்தவை என்றால், ஒரே பிழையை நான்கும் சேர்ந்து செய்து, நான்கும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும். மொழி மாதிரிகளுக்கு இணங்கிப்போகும் சுபாவம் அதிகம் என்பது அவற்றைப் பயன்படுத்தும் யாருக்கும் தெரியும். அழுத்திச் சொன்னால் சரியான விடையையே கைவிட்டுவிடும். கட்டமைப்பு முகவர், ஏசி முகவரின் சாமர்த்தியமான வாதத்தில் மயங்கி, சரி, தூணுக்குப் பக்கத்திலேயே துளை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பீம் அதை மன்னிக்காது. ஆகவே கூட்டத்துக்குள் பேச்சுக்கு மசியாத ஒன்று இருந்தாக வேண்டும்: அளவுகோல், சமன்பாடு, விதி. அது இருக்கும் வரை கட்டட அளவில் முகவர்களின் கூட்டுழைப்பை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். சிறு ஊரில் தனியாக அலுவலகம் வைத்திருக்கும் கட்டடக் கலைஞருக்கு, பெரிய நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும் பல்துறைச் சரிபார்ப்பு கைக்கு வரும் என்பது சின்ன விஷயமல்ல.

பேசித் தீர்க்கக்கூடியதற்கும் பேச்சுக்கு மசியாததற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் எம்.ஐ.டி.யின் நிக்கலஸ் நெக்ரோபோன்டே. 1960-களின் பிற்பகுதியில் லியோன் கிராய்சருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அர்பன்5 என்ற அமைப்பில், வடிவமைப்பாளர் ஒளிப்பேனாவால் திரையில் பத்தடிக் கனசதுரங்களை அடுக்குவார். இயந்திரம் பார்த்துக்கொண்டே இருந்து எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை இரண்டு வகை. வடிவமைப்பாளர் தாமே முன்பு சொன்ன நோக்கத்துக்கும் இப்போது வரைவதற்கும் பொருந்தவில்லை என்றால் ஒருவகை. இயந்திரத்துக்குள் முன்கூட்டியே பதிக்கப்பட்ட நிபந்தனை மீறப்படுகிறது என்றால் இன்னொரு வகை. உன் சொல்லுக்கும் செயலுக்கும் முரண் என்பது வேறு, இது கூடவே கூடாது என்பது வேறு. அர்பன்5 பெரிய வெற்றியல்ல, அதன் குறைகளை நெக்ரோபோன்டே 1970-இல் வந்த தம் நூலிலேயே எழுதினார். ஆனால் இந்தப் பிரிப்பு மட்டும் இன்றைய முகவர்களுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. கட்டடத்தை விட்டு ஊருக்குப் போகும்போது அந்த அவசரம் பல மடங்காகிறது.

ஊர் என்று வந்தவுடன், முகவர்கள் நிபுணர்களின் வேடத்தோடு நிற்காமல் குடிமக்களின் வேடத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மக்கள் பங்கேற்புடன் கூடிய நகரத் திட்டமிடலையே மொழி மாதிரிகளைக் கொண்டு நடத்திக் காட்டுகிறது. ஒரு முகவர் திட்டமிடுபவர். மற்ற ஆயிரக்கணக்கான முகவர்கள் குடியிருப்போர். ஒவ்வொருவருக்கும் வயது, குடும்பம், பின்னணி என்று ஒரு விவரக்குறிப்பு. திட்டமிடுபவர் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தின் முதல் வரைவை வைக்கிறார். குடியிருப்போர் விவாதிக்கிறார்கள், எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினால் கட்டுக்கடங்காது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் சிலர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிறகு திட்டம் திருத்தப்படுகிறது. பெய்ஜிங்கின் இரண்டு பகுதிகளில் இதைப் பரிசோதித்து, குடியிருப்போர் திருப்தியில் இந்த முறை பிற முறைகளைவிட முன்னிற்கிறது, சேவைகளின் அணுகல், சுற்றுச்சூழல் ஆகிய அளவுகளில் மனித நிபுணர்களையும் மிஞ்சுகிறது என்கிறார்கள்.

ஆய்வாக இது நேர்த்தியானது. உண்மையான பங்கேற்புக்குக் காலமும் பணமும் ஏராளமாகச் செலவாகிறது என்று அவர்கள் சொல்லும் காரணமும் உண்மை. என் உறுத்தல் திருப்தி என்ற சொல்லின்மேல். யாருடைய திருப்தி? விவரக்குறிப்பிலிருந்தே தேவைகள் பிறக்கின்றன, அந்தத் தேவைகளை நிறைவேற்றியதற்கு மதிப்பெண். இதில் அந்தப் பகுதியில் வாழும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாகக் காட்டினார். மக்களை வசப்படுத்தித் தலையாட்டவைப்பது அதன் மிகக் கீழ்ப் படி. அந்தக் கீழ்ப் படியில்கூட மக்கள் அறைக்குள் இருந்தார்கள். அழைத்துவிட்டு ஏமாற்றினார்கள் என்று பிறகு அவர்களால் சொல்ல முடிந்தது. உருவகக் குடியிருப்போரை வைத்துத் திட்டம் தீட்டினால் அப்படிச் சொல்வதற்கும் ஆளில்லை.

ஆயிரம் முகவர்கள் ஆயிரம் பேரல்லர் என்பதற்கு ஆய்வுச் சான்றும் வரத் தொடங்கியிருக்கிறது. ஏஞ்சலினா வாங், ஜேமி மார்கன்ஸ்டெர்ன், ஜான் டிக்கர்சன் ஆகியோர் 2025-இல் நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ் இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவராகப் பேசு என்று மொழி மாதிரியிடம் சொன்னால், அந்தக் குழுவினர் தங்களைப் பற்றிப் பேசுவதைவிட, வெளியார் அவர்களைப் பற்றிக் கற்பனை செய்து பேசுவதையே அது ஒத்திருக்க வாய்ப்புண்டு. குழுவுக்குள் இருக்கும் வேறுபாடுகளும் தட்டையாகிவிடுகின்றன. நடைபாதையில் பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பார்வையுள்ளவர்கள் நினைக்கும் பதில் வரும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2023-இல் 25 முகவர்களைச் சிற்றூர் ஒன்றில் குடிவைத்துப் பரவலாகப் பேசப்பட்ட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜூன் சங் பார்க்கும் சகாக்களும், 2024-இல் 1,052 உண்மையான மனிதர்களை ஆளுக்கு இரண்டு மணிநேரம் நேர்காணல் செய்து, அந்தப் பேச்சிலிருந்து ஆளுக்கொரு முகவரை அமைத்தார்கள். ஒரு சமூகக் கருத்தாய்வின் கேள்விகளுக்கு அந்த மனிதர்கள் தந்த விடைகளை முகவர்கள் நன்றாகவே ஊகித்தன. இரண்டு வாரம் கழித்து அதே மனிதர்கள் தங்கள் விடைகளைத் திரும்பச் சொன்னதன் துல்லியத்தில் 85 விழுக்காட்டை எட்டின. அசாதாரணமான முடிவு. ஆனால் அது கிடைத்தது ஆயிரம் பேரைத் தேடிப்போய் இரண்டு மணிநேரம் கேட்டதனால். கேட்காமல் கிடைத்ததல்ல.

மக்கள் வாயால் சொல்லாததையும் இயந்திரம் நடத்தையிலிருந்து ஊகித்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. நெக்ரோபோன்டேயின் குழு 1970-இல் நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் வைத்த சீக் என்ற காட்சிப்பொருளை அவர்கள் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டங்குலக் கனசதுரங்கள் சுமார் 500. அவற்றுக்கு நடுவே ஜெர்பில் எனப்படும் பாலைவன எலிகள். மேலே ஓர் இயந்திரக் கை. எலி ஒரு கட்டையைச் சற்றே நகர்த்தினால், தவறிப் பட்டுவிட்டது என்று எண்ணி, கை அதைப் பழைய இடத்தில் நேராக்கும். வெகுதூரம் தள்ளினால், எலி விரும்பித்தான் வைத்திருக்கிறது என்று எண்ணிப் புதிய இடத்திலேயே சீராக்கும். எலி பயந்து ஓடியதா, இடம் போதாமல் முட்டியதா, கூடு கட்டப் பார்த்ததா என்று தெரிந்துகொள்ள அந்த இயந்திரத்துக்கு வழியே இல்லை. நகர்ந்த தூரம் மட்டும்தான் அதற்குத் தெரியும். செல்பேசித் தரவை வைத்து மக்கள் எங்கே நடக்கிறார்கள் என்று பார்த்து, அங்கேதான் நடக்க விரும்புகிறார்கள் என்று முடிவுகட்டும் திட்டங்களிலும் இதே பிழை இருக்கிறது. மின்விளக்கு இல்லாத குறுக்கு வழியைத் தவிர்த்து அரை கிலோமீட்டர் சுற்றிப் போகும் பெண்ணின் விருப்பம் அந்தச் சுற்றுவழி அல்ல.

கேட்டுத் தெரிந்துகொள்வதும் முடிந்த கதையல்ல. இந்தத் துறையின் தொடக்க காலத்தில் நம் நாட்டுக் கிராமம் ஒன்றை மையமாக வைத்து நடந்த ஒரு வேலை அதை எனக்குப் புரியவைத்தது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் படித்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1960-களின் தொடக்கத்தில், குஜராத்தில் ஒரு கிராமத்தில் மாதக்கணக்கில் தங்கினார். அந்த அனுபவத்திலிருந்து 600 பேர் வாழும் ஒரு வேளாண் கிராமத்துக்கான 141 தேவைகளைப் பட்டியலிட்டார். 1964-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. எதற்கும் எதற்கும் தொடர்பு, ஒன்றை நிறைவேற்றினால் எது எளிதாகும், எது கடினமாகும் என்று இணை இணையாகக் குறித்துக்கொண்டார். மார்வின் மன்ஹைமுடன் சேர்ந்து எழுதிய நிரல், கணினியில் ஓடி, அந்த வலையைப் பன்னிரண்டு கொத்துகளாகவும் நான்கு பெருங்கொத்துகளாகவும் பிரித்துத் தந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு வடிவத் தீர்வு, அவற்றைச் சேர்த்தால் ஊர். இன்றைய முகவர் கூட்டங்களின் அடிப்படைத் தர்க்கம் இதுவே: வேலையைப் பிரி, பகுதிக்கு ஒருவரிடம் கொடு, பிறகு இணை.

பட்டியலைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது: ஊரில் தங்காமல் இதை எழுதியிருக்க முடியாது. வீட்டு வாசல் தெற்குப் பார்க்கக் கூடாது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் குளிக்கும்போதும் பெண்கள் நிறையப் பேசிக்கொள்கிறார்கள் என்பது இருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தால் அந்தப் பேச்சு என்ன ஆகும் என்று யோசிக்க வைக்கும் வரி அது.

அதே பட்டியலின் முதல் தேவை தீண்டாமை. தலித் மக்கள் தீட்டுக்குரியவர்களாகக் கருதப்படுகிறார்கள் என்பது ஒன்று என எண்ணிடப்பட்டு நிற்கிறது. ஒரே சாதியார் சேர்ந்தும் பிறரிடமிருந்து விலகியும் இருக்க விரும்புவது இன்னொரு எண். சற்றுத் தள்ளி, தீண்டாமை ஒழிப்பு என்பதும் ஓர் எண். அலெக்சாண்டர் இதை ஒளிக்கவில்லை. ஊரார் தாமே உணர்ந்த தேவைகள், நாட்டின் பொருளாதாரமும் சமூக நோக்கமும் கோரும் தேவைகள், இருக்கும் ஊர் அமைப்பு ஏற்கெனவே நிறைவேற்றிவரும் தேவைகள் என மூன்று வகையையும் சேர்த்தே எழுதியதாகச் சொல்கிறார். கணினிக்கு மூன்றும் ஒன்றுதான். தீட்டும் ஒரு புள்ளி, தீட்டை ஒழிப்பதும் ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. இரண்டுக்கும் தொடர்புண்டு என்று நிரலுக்குத் தெரியும். இரண்டில் எது அழிய வேண்டியது என்று தெரியாது.

அறுபது ஆண்டு கழித்து அந்தப் புள்ளிகளுக்கு வாய் முளைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரின் ஒரு பகுதியைப் பிரதிநிதிப்படுத்தும் முகவர், தன் விவரக்குறிப்புக்கு உண்மையாக இருந்து, குளத்தங்கரை தனித்தனியாக இருக்கட்டும் என்று மிகப் பண்பான மொழியில் கேட்கும். இன்னொரு முகவர் மறுக்கும். திட்டமிடும் முகவர் இருவருக்கும் பொதுவாக ஒரு சமரசம் வரைந்து தரும். சராசரித் திருப்தி உயரும். தமிழ்நாட்டு வாசகருக்கு இது கற்பனையாகத் தோன்ற வாய்ப்பில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவர் 1989-இல் எழுந்தது. ஊர்ப்பேச்சில் ஏற்பட்ட உடன்பாட்டின்படிதான் கட்டினோம் என்பது சாதி இந்துக்கள் தரப்பில் சொல்லப்பட்ட நியாயம். 2008 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்கும் வரை அது நின்றது. மோதலைத் தவிர்ப்பது, பெரும்பான்மையின் நிறைவு, எட்டப்பட்ட உடன்பாடு என்று முகவர் கூட்டங்களுக்கு நாம் கொடுக்கும் அளவுகோல்களில் எதை வைத்துப் பார்த்தாலும் அந்தச் சுவர் தேர்ச்சி பெற்றுவிடும்.

அந்தச் சுவரைத் தவறு என்று சொல்லும் அதிகாரம் பேச்சுவார்த்தைக்கு வெளியிலிருந்து வந்தது. அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அதன்மேல் யாருடைய திருப்தியையும் கேட்பதில்லை. கட்டடத்தில் பீமின் கணக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ, ஊரில் அந்த இடத்தில் நிற்க வேண்டியவை இத்தகைய சட்டங்கள். அர்பன்5 செய்த பிரிப்பு இங்கேதான் உயிர் பெறுகிறது. பூங்காவா நூலகமா, சந்தை வடக்கிலா தெற்கிலா என்பதெல்லாம் விருப்பங்களுக்கு இடையிலான முரண், பேசித் தீர்க்கலாம். பொதுக் குளத்துக்குத் தனிக் கரை என்பது மீறல், முகவர்கள் முன்னால் வாதத்துக்கே வரக் கூடாது. இந்த எல்லைக்கோட்டை எந்த மாதிரியும் தானாகப் போட்டுக்கொள்ளாது. அதன் பயிற்சித் தரவில் உடன்பாடு என்பது பெரும்பாலும் நல்ல சொல்லாகவே வந்திருக்கும்.

சுவரே இல்லாமலும் பிரிவினை உண்டாகும் என்பதைத் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் காட்டினார். கட்டங்கள் போட்ட பலகையில் இருவகை வில்லைகள். ஒவ்வொன்றுக்கும் மிதமான ஆசை: அண்டை வீட்டாரில் ஓரளவாவது நம்மவராக இருக்கட்டும். அது நிறைவேறாத வில்லை இடம் மாறலாம். சிறிது நேரத்தில் பலகை இரண்டு தனித்தனிப் பேட்டைகளாகிவிடுகிறது. யாரும் அதைக் கேட்கவில்லை. தனித்தனியே நியாயமாகத் தோன்றும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றிக்கொண்டே போகும் திட்டமிடும் முகவர், நல்லெண்ணத்தோடு இதே பலகையில் போய் நிற்கும். மொத்தப் படத்தைப் பார்த்து இது கூடாது என்று சொல்லும் ஒருவர் அந்தச் சுழற்சியில் இல்லாவிட்டால் நிறுத்துவதற்கு ஏதுவில்லை.

விவரக்குறிப்பே இல்லாத குடியிருப்பாளர்களும் உண்டு. ஏரி, ஓடை, சதுப்புநிலம். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் குப்பைக்கும் போய்விட்டிருந்தது. ஏரிக்கும் ஒரு முகவரைக் கொடுத்து அதன் சார்பில் பேசவைக்கலாம் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேச வந்துவிட்டால் பேரத்துக்கும் வந்தாக வேண்டும். பத்து ஏக்கரை விட்டுக்கொடுத்து இரண்டு மரவரிசை வாங்கிக்கொள்ளும். வெள்ளம் எந்த வழியாகப் போகும் என்பதும் பீமின் கணக்கைப் போன்றதே.

அலெக்சாண்டர் தம் முறையைத் தாமே கைவிட்டார். 1965-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நகரத்தைக் கிளை பிரியும் மரமாக வெட்டிப் பார்ப்பதே பிழை என்றார். வாழும் நகரில் ஒவ்வொன்றும் பலவற்றோடு குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கிறது. முதல் நூலின் 1971 பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், வடிவமைப்பு முறைகள் என்று தனியே ஓர் ஆய்வுத் துறை வளர்வதையே மறுத்தார். 1970-களின் நடுவில் மெக்சிகோவின் மெக்சிகாலியில் ஐந்து குடும்பங்களோடு சேர்ந்து, அந்தக் குடும்பங்களே தங்கள் வீட்டின் அமைப்பைத் தீர்மானித்துக் கட்டும் வேலையில் இறங்கினார். கணினியை ஓட்டிப் பார்த்த முதல் தலைமுறைக் கட்டடக் கலைஞர் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை, இன்று முகவர் அமைப்புகளை எழுதுபவர்கள் வெறும் ஏக்கமாக ஒதுக்கிவிடக் கூடாது. பட்டியலைப் பிரிப்பதைவிடப் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் பெரிய வேலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் முகவர்களை ஊர் வேலையிலிருந்து விலக்கிவையுங்கள் என்று நான் சொல்லவில்லை. மனிதக் குழுக்களிடம் இல்லாத ஒரு நல்ல குணம் அவற்றுக்கு உண்டு: பேசியது எல்லாம் பதிவாகிறது. ஒரு நிலம் நீர்நிலை என்ற வகையிலிருந்து குடியிருப்பு என்ற வகைக்கு எப்படி மாறியது என்று பழைய திட்டத்தில் தேடினால், முடிவு மட்டும் இருக்கும். யார் என்ன காரணம் சொன்னார், யார் விட்டுக்கொடுத்தார் என்பது இருக்காது. முகவர்கள் வரைந்த திட்டத்தில் எந்த முகவருக்கு என்ன விவரக்குறிப்பு தரப்பட்டது, எந்தக் கோரிக்கை எந்தச் சுற்றில் வீழ்ந்தது, எவை பேரத்துக்கு அப்பாற்பட்டவையாக வைக்கப்பட்டன என்று வரிவரியாகச் சொல்ல முடியும், அதை வெளியிட வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தால்.

தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டத்தை அறிவித்து ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கேட்டாக வேண்டும். இப்போது மக்கள் கைக்கு வருவது வண்ணம் தீட்டிய வரைபடமும் கனமான ஆங்கில அறிக்கையும். இனி முகவர்களைக் கொண்டு வரைவு தயாரிக்கும் எந்த அமைப்பும், அந்தத் தேவைப் பட்டியலையும், மீறக் கூடாத நிபந்தனைகளையும், விவாதப் பதிவையும் தமிழில், சர்வே எண்ணையோ தெருப்பெயரையோ தட்டித் தேடக்கூடிய வடிவில், வரைவோடு சேர்த்தே வைக்க வேண்டும். உங்கள் தெருவின் சார்பில் எந்த முகவர் என்ன பேசியது என்று நீங்கள் படித்துப் பார்த்து, நாங்கள் அப்படிச் சொல்லவே மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால், அது சட்டப்படியான ஆட்சேபணையாக ஏற்கப்பட்டு, திட்டம் மறுபடி ஓட்டப்பட வேண்டும். இது ஆட்சேபணைக் காலம் முடிவதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.